பிசிஓடி-க்கு டாக்டரிடம் போவதற்கு முன் காலண்டரை எடுத்து வையுங்கள்

கோத்தகிரியில் சின்னதாக ஒரு டெய்லர் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், ஜூன் வந்தால் ஸ்கூல் யூனிபார்ம். பெண்களுக்கு மட்டும்தான் தைக்கிறேன். திரைக்குப் பின்னால் நிறுத்தி அளவு எடுக்கும்போது வீட்டுக் கதை, மாமியார் கதை எல்லாம் சேர்ந்தே வரும். அதில் அடிக்கடி காதில் விழுவது இதுதான்: "டேட் தள்ளித் தள்ளிப் போகுதுக்கா. ஸ்கேன் எடுத்தோம், பிசிஓடின்னு எழுதியிருக்காங்க. இனி என்ன பண்றது?"

எனக்கும் காலேஜ் காலத்திலிருந்து இதே தொந்தரவு. நான் டாக்டர் இல்லை. ஆனால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கி ஏறிய அனுபவம் நிறைய உண்டு. டாக்டர் அறையில் நமக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அதற்குள் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்காமல் எழுந்து வரக் கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது சினைப்பையிலிருந்து முட்டை ஒழுங்காக வெளியே வராமல் மாதவிடாய் தள்ளிப் போகிற ஹார்மோன் கோளாறு. சிலர் பிசிஓடி என்பார்கள், ரிப்போர்ட்டில் பிசிஓஎஸ் என்று இருக்கும். நான் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இது இருக்கிறது. அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இருப்பது தெரியாமலே இருக்கிறார்கள். அதனால் "எனக்கு மட்டும் ஏன்" என்று உட்கார்ந்து அழ வேண்டாம். உங்கள் பஸ்ஸிலேயே நாலைந்து பேர் இருப்பார்கள்.

காலண்டரில் ஒரு புள்ளி

டாக்டரின் முதல் கேள்வி, "கடைசியா எப்ப வந்தது?" இதற்குப் பதில் தெரியாமல் அம்மா முகத்தைப் பார்க்கும் பெண்கள்தான் அதிகம். ஸ்கேன் என்பது அன்றைக்கு ஒரு நாள் எடுத்த போட்டோ. ஆறு மாதம் என்ன நடந்தது என்று காலண்டர்தான் சொல்லும். காசும் செலவில்லை.

பால் கணக்கும் கேஸ் வந்த தேதியும் எழுதுகிற அதே மாதக் காலண்டர் போதும். ரத்தம் வந்த முதல் நாள் ஒரு புள்ளி, நின்ற நாள் ஒரு கோடு. அண்ணன் தம்பி இருக்கிற வீடு, கூச்சமாக இருக்கிறது என்றால் செல்போனில் போடுங்கள், அல்லது டைரியின் கடைசிப் பக்கத்தில். அதிகமாகப் போன நாளில் எத்தனை பேட் மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். நடுவில் லேசாகக் கறை பட்டால் அதையும்.

ஒன்றை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மாரியம்மன் திருவிழா, ஹெத்தையம்மன் பண்டிகை, வீட்டுக் கல்யாணம் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுத் தள்ளி வைப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். அந்த மாத்திரை போட்ட நாட்களையும் குறித்து வையுங்கள். இல்லையென்றால் மாத்திரையால் தள்ளிப் போனதா, தானாகத் தள்ளிப் போனதா என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கணக்குப் போடுவது ஒரு முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை. நின்ற நாளிலிருந்து எண்ணக் கூடாது. பெரிய பெண்களுக்கு 21 முதல் 35 நாளுக்குள் ஒரு முறை வந்தால் ஒழுங்கு. அதற்குக் குறைந்தோ கூடியோ வந்துகொண்டே இருந்தால், அல்லது வருடத்துக்கு 8 முறைக்கும் குறைவாக வந்தால், காட்ட வேண்டும்.

வயசுக்கு வந்த பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. முதல் வருடம் முன்னே பின்னே வருவது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. அடுத்த இரண்டு வருடம் 45 நாள் வரை போகலாம். ஆனால் முதல் வருடம் தாண்டிய பிறகு ஒரே ஒரு முறை 90 நாளுக்கு மேல் தள்ளிப் போனாலும் காட்டுங்கள். 15 வயதாகியும் வயசுக்கு வரவில்லை என்றாலும் காட்டுங்கள். சடங்கு செலவுக்குப் பயந்து "லேட்டா வந்தா நல்லதுதானே" என்று ஒரு பாட்டி கடையில் சொன்னார். சிரித்துவிட்டு, டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னேன்.

கல்யாணம் ஆனவர்களுக்கு ஒரு வார்த்தை. பிசிஓடி இருக்கிறது, அதனால்தான் நாள் தள்ளுகிறது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கும் கிட் வாங்கி முதலில் அதைப் பாருங்கள். பிசிஓடி இருந்தால் கரு தங்காது என்று நம்பி, வேண்டாத நேரத்தில் கர்ப்பமானவர்கள் உண்டு. முட்டை எப்போதாவது வெளியே வரத்தான் செய்யும். எப்போது வரும் என்பதுதான் தெரியாது.

உள்ளே நடப்பது

ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் சில முட்டைப் பைகள் வளர ஆரம்பித்து, அதில் ஒன்று பெரிதாகி முட்டையை வெளியே விட வேண்டும். பிசிஓடி-யில் அவை சின்னதாகவே நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் வரிசையாகத் தெரிவது அவைதான். ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டிய கட்டி எதுவும் அங்கே இல்லை. முட்டை வெளியே வராததால் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரப்பதில்லை. அது சுரந்து குறைந்தால்தான் மாதவிடாய் ஒழுங்காக வரும். அது இல்லாமல் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகிறது. மூன்று நாலு மாதம் கழித்து ஒரு நாள் கொட்டித் தீர்க்கிறது. ரத்தசோகை வருவது இப்படித்தான்.

இன்னொரு பக்கம் இன்சுலின். உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசியாததால் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. அந்த அதிக இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. முகத்தில் முடி, பரு, முன்னந்தலையில் முடி கொட்டுவது எல்லாம் அதன் வேலை. குண்டாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்பது இல்லை. என் கடைக்கு வரும் ஒல்லிப் பெண்களிலும் இருக்கிறார்கள். ஒல்லி என்பதாலேயே யாரும் சந்தேகப்படாமல் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் வாய்ப்பு அதிகம்.

கழுத்தையும் இடுப்பையும் பாருங்கள்

பிளவுஸின் பின்கழுத்து இறக்கம் அளக்க, சடையை முன்னால் போட்டுக்கொள்ளச் சொல்வேன். அப்போது சிலருக்குக் கழுத்து மடிப்பில் தோல் தடித்து, கறுத்து, கோடு கோடாக இருக்கும். அக்குளிலும் அப்படியே. தேங்காய் நாரால் தேய்த்து, எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டு உரசி, புண்ணாக்கிக்கொண்டு வந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். அது அழுக்கு இல்லை. இன்சுலின் அதிகமாக இருப்பதால் தோல் காட்டும் அடையாளம். தேய்த்தால் போகாது, உள்ளே இருப்பது குறைந்தால் மெல்லக் குறையும். நம் ஊர்க் குளிரில் வருடம் முழுக்க ஸ்வெட்டரும் மஃப்ளருமாக இருப்பதால் வீட்டில் யார் கண்ணிலும் படாது. பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் எண்ணெய் தேய்த்துவிடும் நாளில் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இடுப்பு. பாவாடை கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட பிறகு, வயிற்றை உள்ளே இழுக்காமல் பார்க்க வேண்டும். அளவு எடுக்கும்போது எல்லோரும் இழுப்பார்கள், அது எனக்குத் தெரியாததா! நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை இன்ச்சுக்கு மேல் போனால் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் ஆகாது. என் அளவு நோட்டில் ஒரு பெண்ணின் இடுப்பு இரண்டு வருடத்தில் 30-லிருந்து 34 ஆனது. அவள் சாப்பாட்டில் எதுவும் மாறவில்லை என்றாள். அந்தப் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

முகத்து முடி விஷயத்தில் ஒரு யோசனை. டாக்டரிடம் போகிறோமே என்று முதல் நாள் பார்லரில் த்ரெட்டிங் செய்துகொண்டு பளிச்சென்று போய் உட்காராதீர்கள். போனால், எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுக்கிறீர்கள், தாடை, நெஞ்சின் நடு, தொப்புளுக்குக் கீழ் என்று எங்கெல்லாம் இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சில மாதங்களுக்குள் திடீரென்று முடி மளமளவென வளர்ந்து, குரலும் கட்டையாகிறது என்றால் காத்திருக்காமல் உடனே போங்கள். அது வேறு நோயாக இருக்கலாம்.

ஸ்கேன் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது

இதைச் சத்தமாகவே சொல்கிறேன். 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நிபுணர்கள் கூடி வகுத்த முறைதான் இன்றும் அடிப்படை. மூன்று விஷயங்களில் இரண்டு இருக்க வேண்டும். ஒழுங்கில்லாத மாதவிடாய் ஒன்று. ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளம், உடம்பிலோ ரத்தத்திலோ தெரிவது, இரண்டாவது. ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம் மூன்றாவது. முதல் இரண்டும் இருந்தால் ஸ்கேனே தேவையில்லை. ஸ்கேன் மட்டும் அப்படி இருந்து, மாதாமாதம் ஒழுங்காக வந்து, வேறு ஒன்றும் இல்லை என்றால் அது பிசிஓடி இல்லை.

2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் இன்னொன்றும் தெளிவாகச் சொல்கிறது. வயசுக்கு வந்து 8 வருடம் ஆகாத பெண்களுக்கு இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனை நம்பக் கூடாது. ஏஎம்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனையையும் நம்பக் கூடாது. அந்த வயதில் சின்னச் சின்ன முட்டைப் பைகள் நிறைய இருப்பது இயற்கை. பதினாறு வயதுப் பிள்ளையின் ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு "இவளுக்குக் குழந்தை பிறக்குமா" என்று அம்மாவும் பெரியம்மாவும் அவள் எதிரிலேயே பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

பரிசோதனைக்கு மலையை விட்டு இறங்க வேண்டாம்

முதல் சுற்றுக்குக் கோயம்புத்தூர் அவசியமில்லை. கோத்தகிரி அரசு மருத்துவமனை, குன்னூர் லாலி மருத்துவமனை, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று பக்கத்தில் இருப்பதில் தொடங்கலாம். எஸ்டேட்டில் இருப்பவர்கள் டிஸ்பென்சரியில் சொல்லிச் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள். வெயிட், பிரஷர், சுகர், ஹீமோகுளோபின் ஆகியவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம்.

தைராய்டு, புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) இரண்டையும் பார்க்காமல் பிசிஓடி என்று முடிவு செய்யக் கூடாது. அந்த இரண்டு கோளாறும் இதே மாதிரி நாளைத் தள்ளிப் போட வைக்கும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும் பார்ப்பார்கள். சிலருக்கு 17 ஓஹெச் புரோஜெஸ்டிரோன் என்று அட்ரீனல் சுரப்பிக்காக ஒன்று எழுதுவார்கள். ஏற்கெனவே ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஆண் ஹார்மோன் பரிசோதனை சரியாகக் காட்டாது, அதனால் மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள். பரிசோதனைக்காக நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சுகரில்தான் கவனம் வேண்டும். வெறும் வயிற்றில் எடுக்கும் சுகர் நார்மலாக இருந்தாலும் நமக்கு அது போதாது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பதுதான் சரியாகக் காட்டும். அந்த இரண்டாவது அளவு 140-க்குள் இருந்தால் நல்லது. 140 முதல் 199 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசற்படி. 200 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய்தான், இதை டாக்டர் இன்னொரு முறை உறுதி செய்வார்.

இதை மலையிலேயே எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 8 மணி நேரம் பட்டினி, விடியற்காலை பஸ், கொண்டை ஊசி வளைவு, அதன் மேல் ஒரு டம்ளர் குளுக்கோஸ். வாந்தி வந்தால் பரிசோதனை வீண், மறுபடி முதலிலிருந்து. உள்ளூர் லேபில் காலையில் நடந்து போய் ரத்தம் கொடுத்து, குளுக்கோஸ் குடித்து, அந்த இரண்டு மணி நேரமும் ஒரே இடத்தில் உட்காருங்கள். டீ கூடாது, பிஸ்கட் கூடாது, பஜாரைச் சுற்றிவிட்டு வருகிறேன் என்பதும் கூடாது. நான் பிளவுஸ் கொக்கி கட்டுகிற வேலையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலைப் பஸ்ஸில் திறக்காதீர்கள். ஸ்கேன் சென்டரில் பேர் கொடுத்து, உங்கள் முறை எப்போது என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள். கல்யாணமாகாத பெண்களுக்கு இந்த மேல் ஸ்கேன்தான். உள்ளே வைத்து எடுப்பதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு.

டாக்டர் முன்னால்

ஒரு தாளில் நாலைந்து வரி எழுதிக்கொண்டு போங்கள். கடைசித் தேதி. ஒரு வருடத்தில் எத்தனை முறை வந்தது. வெயிட் எவ்வளவு ஏறியது. சாப்பிடும் மாத்திரைகள், கழற்சிக்காய்ப் பொடி உட்பட. குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை. அப்புறம், உங்களுக்கு இப்போது எது வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். ஒழுங்காக வர வேண்டுமா, முடி குறைய வேண்டுமா, குழந்தை வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. இதைச் சொல்லாததால் கல்யாணமாகாத பெண்ணும் குழந்தைக்குக் காத்திருப்பவளும் ஒரே மாதிரிச் சீட்டோடு வெளியே வருவதுண்டு.

ஒழுங்காக வரவும் முடி, பரு குறையவும் பொதுவாக முதலில் தருவது ஹார்மோன் மாத்திரை, கருத்தடைக்குத் தரும் அதே மாத்திரைதான். "கல்யாணமாகாத பொண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா" என்று வீட்டில் குதிப்பார்கள். அது கர்ப்பப்பையைக் காப்பாற்றத் தருவது. அதனால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகாது. ஆனால் பிரஷர், கண்ணில் மின்னல் வெட்டி வருகிற ஒற்றைத் தலைவலி, காலில் ரத்தம் கட்டியது இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மெடிக்கலில் பக்கத்து வீட்டு அக்காவின் அட்டையைக் காட்டி வாங்கக் கூடாது என்பது இதனால்தான். முடி விஷயத்தில் மாத்திரையின் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். அதுவரை த்ரெட்டிங் செய்துகொள்ளலாம், தப்பில்லை.

தினமும் மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு, சில மாதங்களுக்கு ஒரு முறை சில நாட்கள் மட்டும் புரோஜெஸ்டிரோன் கொடுத்து வரவைப்பார்கள். எந்த வழியானாலும் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மாத்திரை இல்லாமல் 3 மாதத்துக்கு மேல் வராமல் விடக் கூடாது. தடித்த உள்சுவர் வருடக்கணக்கில் அப்படியே கிடந்தால் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுகிறது. எல்லோருக்கும் வந்துவிடாது, எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் தடுக்கக் கூடியதை ஏன் விட வேண்டும்? கழற்சிக்காய், வெந்தயம் என்று யார் எதைச் சொன்னாலும் இந்த மூன்று மாதக் கணக்கை அதற்காகத் தள்ளி வைக்காதீர்கள். மணிக்கு ஒரு பேட் நனைகிறது, தலை சுற்றுகிறது என்றால் அது காத்திருக்கும் விஷயம் இல்லை. 108-ஐக் கூப்பிடுங்கள்.

மெட்ஃபார்மின் எழுதினால் "எனக்குச் சுகர் இல்லையே" என்று பயப்பட வேண்டாம். இன்சுலின் தொல்லைக்காகத் தருவது. குறைந்த அளவில் ஆரம்பித்து, சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுப் பிரட்டல் குறையும். வருடக்கணக்கில் சாப்பிடுபவர்கள் வைட்டமின் பி12 அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

டீயும் வர்க்கியும்

தேயிலை ஊரில் உட்கார்ந்துகொண்டு டீ குடிக்காதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்? டீயைக் குடியுங்கள், சர்க்கரையைக் கணக்குப் பாருங்கள். ஒரு ஸ்பூன் கிட்டத்தட்ட 5 கிராம். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், குளிருக்கு ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் என்றால் 50 கிராம் சர்க்கரை டீயிலேயே போய்விடுகிறது. ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். தொட்டுச் சாப்பிடும் வர்க்கி மைதாவும் கொழுப்பும் சேர்ந்தது, அதை விருந்தாளி வரும் நாளைக்கு வையுங்கள்.

பிசிஓடி டயட் என்று பெயர் போட்டு விற்கும் எதற்கும் பணம் கொடுக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு சாப்பாட்டு முறைதான் சிறந்தது என்று எதற்கும் ஆதாரம் இல்லை என்றே 2023 வழிகாட்டுதலும் சொல்கிறது. நம் சந்தையில் கிடைப்பதே போதும். தட்டில் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பட்டர் பீன்ஸ், மொச்சை, அவரை, பட்டாணி, முட்டை, கீரை வரட்டும். 2023-இல் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை ரேஷனில் முதலில் தொடங்கியது நீலகிரியிலும் தருமபுரியிலும்தான். வாங்கியதை மாட்டுக்குப் போடாமல் களி கிண்டுங்கள். கேழ்வரகும் மாவுச்சத்துதான் என்பதை மறக்காமல், உருண்டையைச் சின்னதாகப் பிடித்துக் குழம்பில் பருப்பையும் காயையும் கூட்டுங்கள். சர்க்கரை போட்ட கேழ்வரகுக் கஞ்சியைச் சத்து என்று நினைத்து மூன்று வேளை குடிப்பதில் பிரயோஜனம் இல்லை.

எடை கூடியிருப்பவர்கள் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே பலருக்கு நாள் ஒழுங்குக்கு வரும். 70 கிலோ இருப்பவருக்கு அது மூன்றரை கிலோவிலிருந்து ஏழு கிலோ. கல்யாணத்துக்கு முந்தின பிளவுஸுக்குள் நுழைய வேண்டும் என்ற இலக்கெல்லாம் வேண்டாம். அதைப் பிரித்து அகலப்படுத்தித் தர நான் இருக்கிறேன்.

நடைக்கு வாரம் 150 நிமிடத்திலிருந்து 300 நிமிடம் வரை, இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. இது பெரியவர்களுக்கான அளவு. விடிவதற்கு முன் நட என்று கீழ்நாட்டு டாக்டர்கள் சொல்வார்கள். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், கரடியும் வரும். வெயில் ஏறிய பிறகு, ஆள் நடமாட்டம் இருக்கும் ரோட்டில் நடங்கள். பத்து நிமிடமாக மூன்று தடவை நடந்தாலும் கணக்குதான். மேடு ஏறும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் சரி. தசைக்கு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் போதும். கடையில் என் மாதிரி நாள் முழுக்க மெஷினில் உட்காருபவர்களுக்குத்தான் இந்த உபதேசம். காலையிலிருந்து கூடையோடு சரிவில் ஏறி இறங்கி இலை பறிக்கும் பெண்ணிடம் போய் "வாக்கிங் போ" என்று சொல்லும் ஆளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அவளுக்குத் தேவை பருப்பும் முட்டையும், நேரத்துக்குத் தூக்கமும்.

குழந்தை, மனசு

"கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்பது பொய். "குழந்தையே பிறக்காது" என்பது அதைவிடப் பெரிய பொய். பிசிஓடி உள்ள பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள், சிலர் மாத்திரை உதவியோடு. முட்டையை வளர்க்க இப்போது முதலில் தருவது லெட்ரோஸோல். 2014-இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், பழைய குளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் லெட்ரோஸோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. எடுத்தவுடன் டெஸ்ட் டியூப் வரை போகத் தேவையில்லை. உங்களுக்கு ஊசி மருந்து தொடங்கும் முன் கணவருக்கு விந்துப் பரிசோதனை எழுதச் சொல்லுங்கள். அவர் வரமாட்டேன் என்றால் மாமியாரை விட்டுக் கேட்கச் சொல்லலாம், என் கடைக்கு வரும் ஒருவருக்கு அது பலித்தது. கரு தங்கினால் முதல் விசிட்டிலேயே பிசிஓடி இருப்பதைச் சொல்லிச் சுகர் பாருங்கள், கர்ப்பகாலச் சர்க்கரை நமக்கு எளிதாக வரும்.

மனச்சோர்வும் பதற்றமும் இதில் அதிகம். முடியும் பருவும் எடையும் மட்டும் காரணமில்லை, நோயோடு சேர்ந்தே வருகிறது. தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம். ராத்திரி பலமாகக் குறட்டை விட்டுப் பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சோம்பேறி என்று திட்டு வாங்க வேண்டிய விஷயம் இல்லை அது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறும் இதோடு வரும்.

நாற்பதைத் தொடும்போது பலருக்கு மாதவிடாய் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். அத்தோடு ஃபைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள். சர்க்கரையும் பிரஷரும் கொழுப்பும் அதற்குப் பிறகும் வரிசையாக வரலாம். பிரஷர் வருடம் ஒரு முறை, குளுக்கோஸ் குடித்து எடுக்கும் சுகர் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் ஒரு முறை. எப்போது என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். நான் எனக்குப் பிப்ரவரியை வைத்திருக்கிறேன். பொங்கல் தையல் முடிந்திருக்கும், யூனிபார்ம் துணி வந்திருக்காது. ஏப்ரல், மே சீசனில் மலையிறங்கும் டூரிஸ்ட் வண்டிகளை எல்லாம் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள், மேட்டுப்பாளையம் போய்ச் சேருவதற்குள் டாக்டர் எழுந்து போய்விடுவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் ரோடே இருக்காது. அந்த மாதங்களில் அப்பாயின்ட்மென்ட் கொடுத்தால் தேதியை மாற்றிக் கேளுங்கள், மாற்றித் தருவார்கள்.